பாலின் பகையைக் குறைத்தவருக்கு

சென்ற வியாழக்கிழமை முற்பகல் செவ்வாய்ப்பேட்டையில், பருப்பு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு சந்து வழியே நடந்தேன். சுமைவண்டி ஒன்று வழியை அடைத்து நின்றது. ஒதுங்குவதற்காக ஓர் அடுமனையின் பின்வாசலருகே நின்றபோது, உள்ளே சூட்டடுப்பின் கதவைத் திறந்தார்கள். கோதுமை மாவும் பாலும் ஒன்றாய் வெந்து, மேற்பரப்பு பொன்னிறத்தைக் கடந்து பழுப்பாக மாறும் வேளையின் மணம் முகத்தில் வந்து படிந்தது. வண்டி நகர்ந்தது, நான் நகரவில்லை. பின்னால் நின்ற மூன்றுசக்கரத் தானிக்காரர் தலையை வெளியே நீட்டி, “ஏனுங்கய்யா, மேடையில அந்த முழக்கம் முழங்கறீங்க, வழிய விடுங்கன்னா காதுல விழுகலீங்களா?” என்றார். என்னை அறிந்தவர் போலும். வழிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இந்தத் தாளை எடுத்து முன்னால் வைத்தேன், மச்சான்.

நீங்கள் மறைந்து ஓராண்டும் நான்கு திங்களும் ஆகின்றன. உங்கள் நினைவேந்தல் கூட்டத்தில் பேச என்னை அழைத்தார்கள். எத்தனையோ பேருக்காக ஒலிவாங்கி அதிர இரங்கலுரை ஆற்றியவன், அன்று எழுந்தேன், உங்கள் படத்தை வணங்கினேன், அமர்ந்துவிட்டேன். துயரம் தொண்டையை அடைத்துவிட்டதென்று உறவினர் எண்ணிக்கொண்டனர். என் மனைவியான உங்கள் தங்கைக்கு மட்டும் உண்மை தெரியும். உங்களைப் பற்றி நேர்மையாகப் பேசுவதென்றால், என் சொல் ஒன்று அளவு மீறியதால் ஒரு குழந்தையின் மூச்சு நிற்க இருந்ததைப் பேசியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு உங்களைப் புகழ எனக்கு நா எழவில்லை. அன்று பேசாததை இன்று எழுதுகிறேன்.

என் திருமணப் பந்தியில் நீங்கள் எனக்கு அடுத்த இலையில் அமர்ந்திருந்தீர்கள். “பொண்ணோட அண்ணன். பால் ஆலையில பெரிய வேலை” என்று யாரோ அறிமுகம் செய்தார்கள். நாமக்கல் சாலையில் இருந்த அந்தப் பாற்பொருள் ஆலையின் ஆய்வகம் உங்கள் பொறுப்பில் இருந்தது. எனக்கோ அந்நாளில் ஆலை என்றாலே பகை. மடியிலிருந்து வருவது உணவு, பொறியிலிருந்து வருவது நஞ்சு என்று ஊர் ஊராக முழங்கிக்கொண்டிருந்த காலம். மணமாலை கழற்றாத கழுத்தோடு, “பாலைக் கெடுக்கும் தொழிலா?” என்று கேட்டேன். நீங்கள் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் தூவியபடி, “ஆமாங்க மாப்ளே. நீங்க காத்தைக் கெடுக்கறீங்க, நான் பாலைக் கெடுக்கறேன். ரெண்டு பேருக்கும் பொழப்பு நடக்குதுங்க” என்றீர்கள். பந்தியே சிரித்தது. எதிர்வரிசையில் இருந்த என் தந்தையும் சிரித்தார்.

அதன்பின் நம்மிடையே ஓயாத சொற்போர். நீங்கள் ‘புரோட்டீன்’ என்பீர்கள். நான் ‘புரதம்’ என்பேன். ‘அலர்ஜி’யை ‘ஒவ்வாமை’ என்று நான் திருத்தியபோது, “இது நல்லா இருக்குதுங்க. ஒடம்பு ஒத்துக்க மாட்டேங்குதுன்னுதானே சனமும் சொல்லுது” என்று ஏற்றுக்கொண்டீர்கள். ‘என்சைம்’ என்பதற்கு நான் தந்த ‘நொதி’யை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. “கத்திரின்னு சொல்லுங்க மாப்ளே. ஆடு மேய்க்கறவருக்கும் புரியும், எங்க மேனேஜருக்கும் புரியும்.” உங்கள் ஆலையில் அது பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் வேலையைச் செய்தது என்பதால், உங்கள் சொல்லில் பிழை காண எனக்கு இயலவில்லை.

என் மகள் நிறைமதி பிறந்தபின் இந்த வேடிக்கையெல்லாம் வேறு முகம் கொண்டது. அவளுடைய ஏழாம் திங்களில், குழைத்த சோற்றில் பசும்பால் ஊற்றிக் கொடுத்தோம். கால்மணி நேரத்திற்குள் வாயைச் சுற்றிச் சிவந்து தடித்தது. இமைகள் வீங்கின. உண்டதை எல்லாம் வெளியே தள்ளினாள். பாலின் புரதம் அவள் உடலுக்கு ஒவ்வவில்லை என்று குழந்தை மருத்துவர் சொன்னார். பாலையும் பால் கலந்த எதையும் வீட்டிலிருந்து விலக்கினோம். அப்படி இருந்தும், யாரும் எதையும் ஊட்டாமலே, இரண்டு முறை அவள் கன்னத்தில் தடிப்புகள் எழுந்தன. இரண்டாம் முறை நீங்கள் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். குழந்தையின் கன்னத்தைப் பார்த்தீர்கள். பிறகு, அப்போதுதான் கூட்டம் முடித்து வந்திருந்த என் வாயைப் பார்த்தீர்கள்.

“மாப்ளே, மேடையில என்ன குடிச்சீங்க?”

“வழக்கமாகக் குடிக்கும் பனங்கற்கண்டுப் பால்தான். தொண்டைக்கு.”

“ஊட்டுக்கு வந்ததும் என்ன பண்ணுனீங்க?”

“மகளைத் தூக்கி முத்தமிட்டேன்.”

“வாயக் கழுவுனீங்களா?”

என் விரல் மீசைக்குப் போயிற்று. பேசப் போகுமிடமெல்லாம் தொண்டை காக்க ஒரு குவளை இளஞ்சூட்டுப் பால் வைப்பது எங்கள் மேடைகளின் வழக்கம். பேச்சின் இடையில் பாதி, முடிவில் மீதி. என் மீசையோரம் ஒட்டியிருந்த துளியே என் மகளைத் தீண்டியிருக்கிறது. அன்றோடு அந்தக் குவளையை விட்டேன். அதன்பின் எனக்குச் சுக்குநீர்தான் வைக்கிறார்கள். “தொண்டை கட்டிப்போச்சுன்னா தமிழுக்கு நட்டமுங்களே” என்று நீங்கள் வருந்துவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டது, எனக்கு இன்றும் சிரிப்பை வரவழைக்கிறது.

அவளுக்குக் காது குத்தியபோது நீங்கள் கொண்டுவந்த தாய்மாமன் சீரை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டும் பழமும் தேங்காயும் அடுக்கிய தட்டுகளின் நடுவே ஒரு தட்டு நிறையச் சோப்புக் கட்டிகள். மண்டபத்து வாசலில் வாளித் தண்ணீரும் துண்டும் வைத்து, குழந்தையைக் கொஞ்ச வருவோரை எல்லாம் கை கழுவச் சொன்னீர்கள். உங்கள் அத்தை ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

“ஏஞ்சாமி, ஊரு ஒலகத்துல தாய்மாமன் தங்கம் வெப்பான், வெள்ளி வெப்பான். நீ சோப்பு வெச்சிருக்கற. நாங்கெல்லாம் அழுக்குங்கறயா?”

“அழுக்கில்லீங்க அத்தை. காலைல காப்பி குடிச்ச கையி. பாப்பாளுக்கு அந்த வாசமே ஆகாது.”

“நானு காப்பியே குடிக்கறதில்லயே.”

“அப்ப மோருங்க. ரெண்டு வெரலையும் நல்லாத் தேச்சுக் கழுவுங்க.”

அத்தை கழுவினார். அவருக்குப் பின்னால் மொத்த உறவும் வரிசையில் நின்று கழுவியது. பிறகுதான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரியை நோக்கித் தலையசைத்தீர்கள். அவரையும் கழுவ வைத்திருந்தீர்கள்.

ஆயினும் எனக்கு அறிவு வரவில்லை. கேடு ஆலையில்தான் இருக்க வேண்டும் என்று என் உள்ளம் அடம்பிடித்தது. ஜேடர்பாளையத்தில் காவிரிக்கரையில் புல் மேய்ந்த நாட்டு மாட்டின் பாலை ஒரு தூக்குப்போகணியில் வாங்கிக்கொண்டு ஒருநாள் வீடு வந்தேன். நீங்கள் வாசலிலேயே மறித்தீர்கள். “நாட்டு மாடா இருந்தாலும், வெள்ளாடா இருந்தாலும், பாலு பாலுதானுங்க மாப்ளே. புள்ளைய வெச்சு இந்தப் பரிச்சையெல்லாம் வேண்டாம்.” ஏழுமுறை பொங்கக் காய்ச்சினால் தீங்கு போய்விடாதா என்று கேட்டேன். போகணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மறுநாள் ஆய்வகத்துக்கு வரச் சொன்னீர்கள்.

அங்கே நீங்கள் எனக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்தீர்கள். கட்டி ஒரு பக்கம், தெளிநீர் ஒரு பக்கம் பிரிந்தது. பிறகு உங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தீர்கள்.

“தண்ணியாப் பிரிஞ்சு நிக்குதே, அதுக்குள்ள இருக்கற புரோட்டீன் இந்த மடிச்ச துண்டாட்டங்க. ஒடம்புக்குள்ள ஒரு காவக்காரன் இருக்கறான். சில பேரு ஒடம்புல அவன் கொஞ்சம் மொரட்டு ஆளு. மடிப்பப் பாத்துத்தான் அடையாளம் புடிப்பான். நல்ல சூடு பட்டா மடிப்பு பிரிஞ்சிரும். அவனுக்கு ஆளு தெரியாது.”

“அப்படியானால் காய்ச்சினால் போதுமே.”

“இருங்க. கட்டியா நிக்குதே, அது வேற தினுசு. அதுக்கு மடிப்பே கிடையாது, வெறும் நூலு. நூல எத்தனை கொதி கொதிக்க வெச்சாலும் நூலுதானுங்களே. அதைக் கத்திரிக்கோணும். காவக்காரனுக்கு அடையாளம் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியாக் கத்திரிக்கோணும்.”

கத்திரித்த பாலை ஒரு கரண்டி என் நாவில் விட்டீர்கள். வேப்பிலைச் சாற்றை விஞ்சும் கசப்பு. துப்ப இடம் தேடினேன். “கத்திரிச்சாக் கசக்குமுங்க. மச்சினன் குடுத்தது எந்த ஊர்ல இனிச்சிருக்குது, முழுங்குங்க” என்று தோளைத் தட்டினீர்கள். அந்தக் கசப்பை நீக்குவதும், எஞ்சிய துண்டுகளை இன்னும் சிறிதாக்குவதும் உங்களுடைய பத்தாண்டு வேலை என்பதை அன்றுதான் அறிந்தேன். மூன்றாவது வழி ஒன்றும் சொன்னீர்கள். கோதுமை மாவுக்குள் சிறிதளவு பாலை வைத்து, உள்வரை வேகும்படி நெடுநேரம் சுட்டால், சூட்டில் மடிப்புகள் பிரிவதோடு, மாவு ஒரு வலைபோல் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காவலன் கண்ணில் படுவது குறைகிறது. பால் ஒவ்வாத குழந்தைகளில் பலர் அதைத் தாங்குகிறார்கள். எல்லோரும் அல்லர், யார் தாங்குவார், யார் தாங்கார் என்பது மருத்துவர் முன்னிலையில் உண்ண வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த ‘எல்லோரும் அல்லர்’ என்பதை நீங்கள் ஒவ்வொரு முறையும் சொன்னீர்கள். நான் ஒவ்வொரு முறையும் கேட்டேன். கேட்டது செவியில் நின்றதே தவிர நாவுக்கு இறங்கவில்லை. உங்கள் ஆலையார் கத்திரித்த பாலை மாவாக்கி விற்க எண்ணியபோது, தகரப்பெட்டியின்மேல் பொறிக்க ஒரு தொடர் எழுதித் தருமாறு என்னைக் கேட்டார்கள். ‘ஒவ்வாமையை ஒழித்த அமுதம்’ என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் தாளை வாங்கி, ‘ஒழித்த’ என்பதை அடித்து, ‘குறைத்த’ என்று எழுதினீர்கள். ‘அமுதம்’ என்பதையும் அடித்து, ‘பால்மாவு’ என்றீர்கள். ஒவ்வாமையைக் குறைத்த பால்மாவு. உப்பில்லாக் கஞ்சி போல் இருக்கிறது என்றேன். “புள்ளைக சாப்படறது கஞ்சிதானுங்க” என்றீர்கள். பிறகு நடந்ததை உங்கள் உடன்பணியாளர் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். இன்னும் சில துண்டுகள் பெரிதாகவே இருக்கின்றன, கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க இது போதாது என்று நீங்களே எழுதிக் கொடுத்து, உங்கள் பத்தாண்டு உழைப்பு கடைக்கு வராமல் தடுத்திருக்கிறீர்கள்.

நிறைமதிக்கு ஐந்து அகவை நிறைந்தபோது, சேலத்தில் ஒரு மருத்துவர் சுட்ட பால் அவளுக்கு ஒவ்வுகிறதா என்று ஆய்ந்து பார்க்க ஒப்புக்கொண்டார். நீங்கள் உங்கள் கையாலேயே அளந்து, பிசைந்து, அரைமணி நேரம் சுட்டு, ஒரு சிறு கேக்கைத் துணியில் பொதிந்து எடுத்துவந்தீர்கள். முதலில் கடுகளவு. காத்திருந்தோம். பிறகு பட்டாணியளவு. மீண்டும் காத்திருந்தோம். செவிலியர் ஊசி மருந்தை ஆயத்தமாக வைத்திருந்தார். நீங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவள் உதட்டை மட்டுமே பார்த்திருந்தீர்கள். மகள், “மாமா, இன்னும் கொஞ்சம் குடுங்க, நொம்ப நல்லா இருக்குது” என்று கேட்டாள். “இரு சாமி, மணி ஆகட்டும்” என்றீர்கள். நண்பகல் கடந்து, முழுத்துண்டும் உண்டு முடித்து, மேலும் இரண்டு மணிநேரம் கழிந்தபின், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மருத்துவர் சொன்னார். இந்த அளவில், இந்தச் சூட்டில், இவ்வாறு சுட்டதை மட்டும் உண்ணலாம், பால் கூடாது. நீங்கள் வெளியே வந்து படிக்கட்டில் அமர்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். வியர்வை என்றீர்கள்.

அந்த மகிழ்ச்சி எனக்குத் தலைக்கேறியது. அடுத்த கிழமை வாழப்பாடியில் கூட்டம். தாய்மொழியில் அறிவியல் என்பது தலைப்பு. பேச்சு உச்சத்தை நோக்கி ஏறும்போது உங்கள் நினைவு வந்தது. “பசுவின் மடியிலே பிறந்த பால், சேயின் உடலிலே பகையானது! அந்தப் பகையை எரித்தவர் யார்? நம் மண்ணின் மைந்தர், என் மைத்துனர்! மாவிலே கலந்தார்; நெருப்பிலே இட்டார்; ஒவ்வாமையை ஒழித்தார்!” என்று முழங்கினேன். கைத்தட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. அளவு, நேரம், மருத்துவர், படிப்படியாகக் கொடுத்தல், எல்லோரும் அல்லர் ஆகிய ஐந்தும் எனக்குத் தெரிந்தவைதாம். அவற்றைச் சொன்னால் தொடர் ஏறாது. ஏறும் தொடருக்காக அவற்றை விட்டேன். இதை வேறு எல்லா வகையிலும் எழுதிப் பார்த்துவிட்டேன், மச்சான். அறியாமல் செய்ததாக எழுத வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணியளவில் கூட்ட ஏற்பாட்டாளர் தொலைபேசியில் அழைத்தார். பேச்சைக் கேட்டிருந்த ஒரு பெண், பால் ஒவ்வாத தன் நான்கு அகவை மகளுக்கு விடிந்ததும் கோதுமை மாவைப் பாலில் பிசைந்து, தோசைக்கல்லில் தடித்த ரொட்டியாகச் சுட்டுக் கொடுத்திருக்கிறார். நடுப்பகுதி வேகவே இல்லை. இரண்டாம் வாயிலேயே குழந்தைக்கு முகம் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து மருத்துவமனையில் முதல் ஊசி போட்டு, சேலத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். நான் உங்களை அழைத்தேன். மேடையில் “ஒழித்தார்” என்று முழங்கியதைச் சொன்னேன். எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்டீர்கள். பிறகு, “கெளம்பி நில்லுங்க. வாரேன்” என்றீர்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்தத் தாய் சுவரோரம் தரையில் அமர்ந்திருந்தார். கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். அவர் என்னை அறைவார் என்று எதிர்பார்த்தேன், அறைந்திருந்தால் நன்றாயிருக்கும். அவர் கைகூப்பினார்.

“மன்னிச்சுடுங்க ஐயா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் சரியா சுடத் தெரியல போல.”

முப்பதாண்டு மேடை கண்ட நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். நீங்கள்தான் அவருக்கு எதிரே தரையில் அமர்ந்தீர்கள்.

“இல்லீங்கம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவரு சொன்னதுதான் தப்பு. நான்தான் அந்த மச்சினன்.”

“அப்போ ஒழியாதுங்களா சார்?”

“ஒழியாதுங்க. சில பேருக்குக் கொறையும். உங்க பாப்பாளுக்குக் கொறையுமான்னு டாக்டரு பார்த்துத்தான் சொல்லோணும். வீட்டுல பாக்கற வேலை இல்லீங்க இது.”

பிற்பகலில் குழந்தை கண்விழித்துத் தண்ணீர் கேட்டது என்று செவிலியர் வந்து சொன்னார். அந்தத் தாய் உள்ளே ஓடினார். நீங்கள் வெளியே தேநீர்க்கடைக்கு நடந்தீர்கள், பின்தொடர்ந்தேன். என்னைத் திட்டுங்கள் என்று கேட்டேன். நீங்கள் குவளையை ஆற்றிக்கொண்டே மெல்லச் சொன்னீர்கள்:

“பத்து வருசமா நான் கொறைச்சேனுங்க மாப்ளே. நீங்க பத்து நிமிசத்துல ஒழிச்சுப்போட்டீங்க.”

பிறகு இன்னொன்றும் சொன்னீர்கள். நாளிதழுக்கு மறுப்பு எழுதி அனுப்புகிறேன் என்று நான் தொடங்கியதும், “மேடையில சொன்னத மேடையிலதான் திருப்பி எடுக்கோணும். அன்னைக்கு வந்த சனம் பூராவும் பேப்பரு படிக்குமுங்களா? அவங்கள்ல இன்னும் எத்தனை ஊட்டுல மாவு பெசைஞ்சுட்டு இருக்கறாங்களோ” என்றீர்கள். அன்று மாலையே ஏற்பாட்டாளரை அழைத்துப் பேசினேன். வாழப்பாடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தானியில் ஒலிபெருக்கி கட்டி, யாரும் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம் என்று அன்றே அறிவிக்கச் செய்தோம். இரண்டாம் நாள் அதே திடலில், அதே மேடையில் நின்றேன்.

நான் சொன்னது தவறு என்று தொடங்கினேன். கூட்டம் அதை ஒரு பேச்சு உத்தி என்று எண்ணி, அடுத்து வரப்போகும் இடிமுழக்கத்திற்காகக் காத்திருந்தது. இடி வரவில்லை. ஒவ்வாமை ஒழியவில்லை, பாலைச் சுடுவதாலும் நறுக்குவதாலும் அது குறையலாம், சிலருக்குக் குறையாது, வீட்டில் முயன்றால் உயிர் போகலாம், மருத்துவமனையில், மருத்துவர் கண்முன்னால் மட்டும். இதையே மூன்று முறை, மூன்று விதமாக, அடுக்குமொழி இல்லாமல் சொன்னேன். என்னால் ஒரு குழந்தை மருத்துவமனையில் கிடப்பதையும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர், “இன்னிக்கு ஐயாவுக்கு உடம்பு சரியில்லயா?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டது எனக்கே கேட்டது. பலர் எழுந்து போனார்கள். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருந்த நீங்களும் தட்டவில்லை.

திரும்பும் பேருந்தில் அயோத்தியாபட்டணம் தாண்டும்வரை நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, “நடுவால எனக்கு ஒரு கொட்டாவி வந்துதுங்க” என்றீர்கள். நான் தலைகுனிந்தேன். “அப்பத்தான் நெனச்சேன், மாப்ளே இன்னைக்கு நெசம் பேசறாருன்னு.” அந்த ஒரு தொடரில் என்னை மன்னித்தீர்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றி அதன்பின் நீங்கள் ஒருபோதும் பேசியதில்லை. வாழப்பாடிக் குழந்தையை நான்கு திங்களுக்கு ஒருமுறை நீங்கள் போய்ப் பார்த்து வந்ததை, உங்கள் மறைவுக்குப் பின் அந்தத் தாய் வந்து அழுதபோதுதான் அறிந்தேன். அந்தக் குழந்தைக்குச் சுட்ட பாலும் சேரவில்லையாம். அவள் உண்ணக்கூடியவற்றை நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். ‘ஒழித்த’ என்பதை அடித்த அதே சாய்ந்த கையெழுத்து.

நிறைமதிக்கு இப்போது பதின்மூன்று. மருத்துவர் படிப்படியாக அளவை ஏற்றிவர, ஈராண்டுக்கு முன் தயிர்ச்சோறு உண்டாள். முதல் உருண்டையை நீங்கள் பிசைந்து கொடுத்தீர்கள். கடிகாரமும் கையில் இருந்தது. சென்ற ஆண்டு பள்ளிப் பேச்சுப் போட்டியில் அவள் ஒரு வாக்கியத்தை மிகைப்படுத்தியபோது, அவையில் இருந்த நான் என்னையறியாமல் இருக்கையில் நெளிந்தேன். உங்கள் தங்கை என் கையைப் பிடித்து, “சின்னப் புள்ளதானுங்க, பேசட்டும் உடுங்க” என்றாள்.

எனக்கு மேடைகள் குறைந்துவிட்டன. முன்போல் கொதிப்பு இல்லை என்கிறார்கள். கொதிப்பு இருக்கிறது, நாட்டுக்கும் மொழிக்கும் தீங்கு செய்வோரைக் கண்டால் இன்றும் குரல் உயர்கிறது. உடலையும் மருந்தையும் குழந்தையையும் பற்றி வாய் திறக்கும்போது மட்டும், தொடர் ஏறத் தொடங்கும் இடத்தில் நின்று, எதை விட்டுவிட்டேன் என்று தேடுகிறேன். தேடும் நேரத்தில் கூட்டம் இருமுகிறது. இருமட்டும்.

இரண்டு திங்களுக்கு முன் இராசிபுரத்தில் பேசி இறங்கியபோது, ஆழ்துளைக்கிணறு தோண்டும் வண்டியில் வேலை செய்யும் ஓர் இளைஞர் எட்டுத் திங்கள் கைக்குழந்தையோடு வந்தார். மனைவிக்குக் காய்ச்சல் என்று தாமே தூக்கி வந்திருந்தார். பால் கொடுத்தால் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிக்கிறதாம். ஏதோ ஒரு மாவின் பெயரைச் சொல்லி, அதைக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் முகம் வாடியது. மறுநாள் காலை நானே அவர்களைச் சேலத்துக்கு, நம் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

தாழ்வாரத்தில் நெடிய வரிசை. குழந்தையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த அவர் ஒரு கட்டத்தில் என்னிடம் திரும்பினார்.

“ஐயா, உள்ள கூப்புடறதுக்குள்ள நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க. உங்க பேச்சக் கேட்டா மனசுக்குத் தெம்பா இருக்குமுங்க.”

எல்லாம் சரியாகிவிடும் என்னும் தொடர் நாவின் நுனிவரை வந்தது, மச்சான். அதை விழுங்கினேன்.

“என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க தம்பி. நீங்க வெளிய வர்ற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்.”

அவர் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, சீட்டுப் பதியச் சென்றார். குழந்தை என் தோள்துண்டின் நுனியைப் பற்றி வாய்க்குக் கொண்டுபோயிற்று. காலையில் துவைத்து உலர்த்திய துண்டுதான். ஆயினும் அதன் பிடியிலிருந்து மெல்ல விடுவித்து, நுனியை ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். பிறகு திரும்பவும் அதன் கையில் கொடுத்தேன்.